சான் டியாகோவில் விட்டு வந்த டாலர்: தேடுவதும் கேட்டு வாங்குவதும்

தூத்துக்குடியில் இருக்கும் என் பெரியப்பா 2025 பிப்ரவரியில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய ஒரு மாதத்தில் அவர் அதில் செய்த வேலைகள் இரண்டுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடன் வீடியோவில் பேசுவது. மற்ற நாட்களில் சீட்டு விளையாடுவது. பங்குனியில் கோயில் கொடைக்காக ஊருக்குப் போயிருந்தேன். "இவ்வளவு ரூபாய் போட்டு வாங்கியிருக்கேன். இதுல உருப்படியா ஏதாவது செஞ்சு காட்டு தம்பி" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் நாங்கள் இருவரும் உட்கார்ந்து 2,114 டாலரைக் கண்டுபிடித்தோம். பணம் அண்ணனுடையது, அதாவது பெரியப்பாவின் மகனுடையது. அமெரிக்காவின் சான் டியாகோ கவுண்டி கஜானாவில் நான்கு ஆண்டுகளாகக் கிடந்தது. கேட்டு வாங்குவதற்கான கெடு முடிய 19 நாட்களே இருந்தன.

இப்படிப்பட்ட பணத்தைத் தேடும் முறையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உங்கள் மகனோ மகளோ மருமகனோ கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தால் இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். அப்படி யாரும் இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் தேடுவது, பி.டி.எப். பைலில் சொல் தேடுவது, அரசு வெப்சைட்டையும் போலியையும் பிரித்து அறிவது ஆகியவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

கவுண்டி என்றால் என்ன?

ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள் உள்ளன. அவற்றில் தென்மேற்கு மூலையில் பசிபிக் கடலை ஒட்டி இருப்பது சான் டியாகோ கவுண்டி. தெற்கே மெக்சிகோ எல்லை, வடக்கே ஆரஞ்ச் கவுண்டியும் ரிவர்சைடு கவுண்டியும், கிழக்கே பாலைவனம். கவுண்டிக்குள் சான் டியாகோ, சூலா விஸ்டா, ஓஷன்சைடு, கார்ல்ஸ்பாட் என்று 18 நகரங்கள். குவால்காம் நிறுவனம் 1985-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. செல்போன் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இங்கே வேலை கிடைத்தது. நம் பிள்ளைகளும் நிறைய பேர் போனார்கள். நானும் 2019 முதல் 2021 வரை அங்கே இருந்தேன்.

நம் மாவட்டத்துக்கும் கவுண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டு வரியை வசூலிப்பது அங்கே கவுண்டிதான். அதற்கென்று மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கருவூலர் இருக்கிறார். துறைமுகத்தைப் பார்த்தபடி பசிபிக் ஹைவேயில் நிற்கும் 1938-ம் ஆண்டுக் கட்டிடத்தில் அவருடைய அலுவலகம். நகரங்கள் தண்ணீர் வரி, லைசென்ஸ் கட்டணம் போன்றவற்றைத் தனியாக வசூலிக்கின்றன. கோர்ட்டுக்கும் தனிக் கணக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பணம் இவற்றில் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எங்கே தேட வேண்டும் என்பது அமையும்.

பெட்டிகள் இரண்டு, சட்டங்களும் இரண்டு

பலரும் தவறு செய்யும் இடம் இது. "அமெரிக்காவில் கேட்பாரற்ற பணத்தை அரசாங்கம் வைத்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பாதிதான் உண்மை.

வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி, வேலை பார்த்த கம்பெனி, வீட்டு உரிமையாளர் போன்ற தனியாரிடம் நின்றுபோன பணம் மாநில அரசுக்குப் போகிறது. 1959-ல் வந்த சட்டம் இது. கணக்கில் மூன்று ஆண்டுகள் எந்த நடமாட்டமும் இல்லை, உரிமையாளரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை என்றால் அந்தப் பணத்தை மாநிலக் கணக்கு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சம்பளப் பாக்கி என்றால் ஓராண்டே போதும். மாநிலம் அதைத் தன்னுடையதாக்கிக் கொள்வதில்லை. உரிமையாளர் பெயரில் பத்திரமாக வைத்திருக்கிறது. பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் கிடைக்கும். அவருக்குப் பின் வாரிசுகள் கேட்டாலும் கிடைக்கும். வட்டி மட்டும் கிடையாது. இப்படிச் சேர்ந்திருக்கும் தொகை 1,000 கோடி டாலருக்கும் அதிகம்.

கவுண்டி, நகரம், கோர்ட் போன்ற உள்ளூர் அமைப்புகளிடம் நின்றுபோன பணத்தின் கதை வேறு. அது மாநிலத்திடம் போகாது. மூன்று ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால், அந்த அமைப்பு ஒரு செய்தித்தாளில் வாரம் ஒரு முறை வீதம் இரண்டு வாரம் அறிவிப்பு வெளியிடும். முதல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 45 முதல் 60 நாட்களுக்குள் ஒரு தேதியைக் குறிப்பிடும். அந்தத் தேதிக்குள் யாரும் வரவில்லை என்றால் பணம் அமைப்புக்கே சொந்தம்! 15 டாலருக்குக் குறைவான தொகை என்றால் இந்த அறிவிப்பும் தேவையில்லை, ஓராண்டு போதும். வீட்டு வரி ரீபண்டுக்குத் தனி விதி. கட்டிய நாளிலிருந்து பொதுவாக 4 ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

ஆகவே கவுண்டியை முதலில் தேடுங்கள், மாநிலத்தை அடுத்துத் தேடுங்கள். மாநிலத்தில் இருக்கும் பணம் காத்திருக்கும். கவுண்டியில் இருப்பது காத்திருக்காது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் தண்ணீர் இணைப்புக்கு 120 டாலர் டெபாசிட் கட்டியிருந்தேன். ஊரைக் காலி செய்தபோது புது விலாசம் தரவில்லை. பிறகு சென்னையில் ஒருநாள் அந்த நகரத்தின் பட்டியலில் என் பெயரைப் பார்த்தேன். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், பணம் எங்கே போகப் போகிறது" என்று விட்டேன். மாநிலச் சட்டம்தான் இதற்கும் என்று நினைப்பு. மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் அனுப்பினால், தேதி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. தவறு என்னுடையதே.

கவுண்டியில் பணம் எப்படி நின்றுபோகிறது?

அண்ணன் கதையைப் பார்த்தால் புரியும். அவர் சான் டியாகோவில் 2017-ல் ஒரு பிளாட் வாங்கினார். 2021-ல் விற்றுவிட்டு சிங்கப்பூர் போனார். கலிபோர்னியாவில் வீட்டு வரி இரண்டு தவணை. முதல் தவணையை டிசம்பர் 10-க்குள் கட்ட வேண்டும். இரண்டாவதை ஏப்ரல் 10-க்குள். வீட்டுக்கடன் இருந்தால் பல நேரங்களில் கடன் கொடுத்தவரே மாதத் தவணையோடு வரியையும் வசூலித்துக் கட்டிவிடுவார். வீட்டை விற்கும்போது கணக்கு முடிக்கும் இடைநிலை நிறுவனமும் வரிப் பாக்கியைக் கட்டும். அண்ணன் விற்ற சமயம் ஏப்ரல். இருவருமே கட்டிவிட்டார்கள்!

கூடுதலாக வந்த பணத்துக்குக் கவுண்டி செக் அனுப்பியது. பழைய விலாசத்துக்கு. அங்கே புதியவர்கள் குடிவந்திருந்தார்கள். செக் திரும்பிப் போனது. அண்ணனுக்கு இப்படி ஒரு செக் உண்டு என்பதே தெரியாது.

இரண்டு முறை கட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. வீட்டின் மதிப்பைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டு அது பிறகு ஏற்கப்பட்டாலும் ரீபண்ட் வரும். டிராபிக் அபராதத்தை எதிர்த்து வாதாட முன்பணம் கட்டிவிட்டு, ஜெயித்த பின் பணத்தைத் திரும்ப வாங்காமல் வந்தவர்கள் உண்டு. அது கோர்ட் கணக்கில் இருக்கும்.

இன்னொன்று பெரிய தொகை. வீட்டு வரியை ஐந்து ஆண்டுகள் கட்டாமல் விட்டால் கவுண்டி அந்தச் சொத்தை ஏலம் விடலாம். ஏலத்தில் வரிப் பாக்கி, செலவு எல்லாம் போக மிச்சம் வந்தால் அது பழைய உரிமையாளருக்கும் அந்தச் சொத்தின் மீது கடன் கொடுத்தவர்களுக்கும் உரியது. ஆனால் ஏலம் எடுத்தவர் பெயரில் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும். கிழக்கே பாலைவனப் பக்கம் காலி மனை வாங்கிப் போட்டுவிட்டு மறந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் உட்காருவோம்

பெரியப்பாவிடம் மவுஸைக் கொடுத்து நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கற்றுக்கொள்ள இதுதான் வழி. சொல்லிக் கொடுப்பவர் மவுஸைப் பிடுங்கினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பிரவுசரைத் திறந்ததும் பெரியப்பா தேடும் பெட்டியில் "சான் டியாகோ கேட்பாரற்ற பணம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினார். ஒரு நீளமான பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைக் கிளிக் செய்யப் போனவரை நிறுத்தினேன். "பெரியப்பா, அந்த வரிக்கு மேல சின்னதா என்ன எழுதியிருக்கு, பாருங்க." கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். விளம்பரம் என்று போட்டிருந்தது. காசு கொடுத்தவர்களின் வெப்சைட்தான் மேலே வரும். அரசு அலுவலகம் சில நேரம் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும்.

அதனால் இந்த வேலைக்குத் தேடும் பெட்டியே வேண்டாம். பிரவுசரின் உச்சியில் இருக்கும் அட்ரஸ் பாரில் முகவரியை நேரடியாக டைப் செய்யுங்கள். கவுண்டியின் முகவரி: சான்டியாகோகவுண்டி என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்து, ஒரு புள்ளி வைத்து, ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்து. ஜி.ஓ.வி. என்ற முடிவு அமெரிக்காவில் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதுதான் நமக்கு அடையாளம். கலிபோர்னியாவின் நகரங்களும் கவுண்டிகளும் 2029 ஜனவரி 1-க்குள் இந்த முடிவுக்கு மாறிவிட வேண்டும் என்று 2023-ல் சட்டம் வந்திருக்கிறது. அதுவரை சில அலுவலகங்களின் வெப்சைட் டாட் காம் என்று முடியலாம். கவுண்டியின் ஹோம் பேஜில் தொடங்கி, அங்கிருக்கும் லிங்க் வழியாகக் கருவூலர் மற்றும் வரி வசூல் அலுவலகத்தின் பக்கத்துக்குப் போனால் குழப்பம் இல்லை. வீட்டு வாசல் வழியாக உள்ளே போவது மாதிரி.

அந்தப் பக்கத்தில் "அன்கிளெய்ம்டு மணி" என்று ஒரு தலைப்பைத் தேடுங்கள். வரி ரீபண்டுகளுக்குத் தனிப் பட்டியல், மற்ற செக்குகளுக்குத் தனிப் பட்டியல் என்று இருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

பட்டியலுக்குள் தேடுதல்

இப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் பி.டி.எப். பைலாக இருக்கும், பல பக்கங்கள், ஆயிரக்கணக்கில் பெயர்கள். பெரியப்பா முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் ஆபீசில் லெட்ஜர் பார்த்த பழக்கம்.

கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப் கீயைத் தட்டுங்கள். ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதில் தேடும் எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் அந்த எழுத்துகள் வரும் இடத்துக்குத் திரை தாவும். மீண்டும் என்டர் தட்டினால் அடுத்த இடம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சில பட்டியல்கள் பேப்பரை ஸ்கேன் செய்து போட்டவை. அவற்றில் எழுத்தெல்லாம் படம்தான். கண்ட்ரோல், எஃப் தட்டினால் "எதுவும் இல்லை" என்று வரும். பெயர் இல்லை போலிருக்கிறது என்று மூடிவிடுவீர்கள். அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒரு பெயரை டைப் செய்து தேடுங்கள். அது கிடைத்தால் தேடுதல் வேலை செய்கிறது. கிடைக்காவிட்டால் பெரியப்பாவின் லெட்ஜர் முறைதான். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் பெயர்தான் பெரிய சிக்கல்

அமெரிக்கர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, நமக்கு இல்லை. நாம் அப்பா பெயரை அங்கே போட்டு நிரப்புகிறோம். அண்ணன் பெயருக்குப் பின்னால் பெரியப்பாவின் பெயரான சண்முகம் கடைசிப் பெயராக நிற்கிறது. மேலும் சண்முகம் என்பதை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறோம். எஸ் என்று தொடங்கலாம், எஸ்.எச். என்று தொடங்கலாம். அடுத்து ஏ வரலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பழைய ஆட்கள் யு போடுவார்கள். ஜி-க்குப் பதில் கே போடுபவர்களும் உண்டு. நீளமான பெயர் என்றால் அங்கே கம்ப்யூட்டரில் கட்டம் போதாமல் வால் வெட்டுப்பட்டிருக்கும்.

முழுப் பெயரை டைப் செய்து தேடினால் இதில் ஒரு எழுத்து மாறினாலும் தப்பிவிடும். அதனால் எல்லா எழுத்து முறைகளிலும் மாறாமல் நிற்கும் நடுத்துண்டை மட்டும் தேடுங்கள். சண்முகத்துக்கு என், எம், யு என்ற மூன்று எழுத்து போதும். சுப்பிரமணியனுக்கு எஸ், யு, பி, ஆர், ஏ. முடிவில் என் போட்டாலும் எம் போட்டாலும், நடுவில் எச் நுழைத்தாலும், முன்னால் பால என்று சேர்ந்திருந்தாலும் இந்த ஐந்து எழுத்து அப்படியே இருக்கும். உங்கள் வீட்டுப் பெயருக்கு எந்தத் துண்டு பொருந்தும் என்று ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. அவர்களுடைய அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப், என், யு என்ற மூன்று எழுத்து முதல் பெயராக அச்சாகி வரும். அது அப்படியே வங்கிக் கணக்கிலும் டிரைவிங் லைசென்சிலும் ஏறிவிடும். அப்படி இருந்தவர்கள் எஃப்.என்.யு. என்றும் தேட வேண்டும். மனைவி பெயரிலும் தேடுங்கள். பெயரை முன்பின்னாக மாற்றியும் தேடுங்கள். கிடைத்தது உங்களுடையதுதானா என்று பட்டியலில் உள்ள பழைய விலாசத்தை வைத்து உறுதி செய்யுங்கள்.

பெரியப்பா என், எம், யு என்று தட்டியதும் ஏழாவது என்டரில் திரை ஒரு இடத்தில் நின்றது. அண்ணன் பெயர் கடைசி எழுத்து இல்லாமல் இருந்தது. பக்கத்தில் பழைய பிளாட்டின் விலாசம். தொகை 2,114 டாலர் சொச்சம். "ஏ, இது என் பேருல்லா!" என்றார் பெரியப்பா. மகன் பெயர் முன்னால் இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

கிடைத்ததும் முதல் வேலை, அந்தப் பைலை உங்கள் கம்ப்யூட்டரில் சேவ் செய்துகொள்வது. பைல் பெயரில் அன்றைய தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, கடைசித் தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து வட்டம் போடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் அங்கே இல்லாமல் போகலாம்.

விண்ணப்பம் செய்தல்

உள்ளூர் அமைப்பிடம் கேட்பதற்குச் சட்டம் எதிர்பார்க்கும் விவரங்கள் நான்கே. கேட்பவர் பெயர், விலாசம், எவ்வளவு தொகை, எந்த அடிப்படையில் உரிமை. கவுண்டியின் படிவத்தில் இவற்றோடு அடையாளச் சான்று நகல், பழைய விலாசத்தில் இருந்ததற்கான சான்று போன்றவையும் கேட்கப்படும். வரி ரீபண்ட் என்றால் வரி கட்டியது யார் என்பதற்கு வங்கி அறிக்கையோ வீடு விற்ற கணக்குத்தாளோ இருந்தால் வேலை சுலபம்.

உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பா தேடலாம், கேட்க முடியாது. அன்று இரவே அண்ணனுக்குப் போன் செய்தோம். "சும்மா விளையாடாதீங்கப்பா" என்று முதலில் சிரித்தார். பைலை ஈமெயிலில் அனுப்பிய பிறகு குரல் மாறியது. அவரிடம் 2021-ம் ஆண்டு வங்கி அறிக்கைகள் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன; அந்தப் பென் டிரைவைத் தேடவே இரண்டு நாள் ஆனது.

தபாலில் அனுப்பும் முன் கவுண்டி அலுவலகத்தைப் போனில் கேட்டுவிடுவது நல்லது. மார்ச் மாதம் பாதிக்குமேல் நமக்கும் சான் டியாகோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே இரவு எட்டரை. விண்ணப்பம் கெடு தேதிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டுமா, அதற்குள் அனுப்பினால் போதுமா என்பதை மறக்காமல் கேளுங்கள். அண்ணன் அதற்கெல்லாம் காத்திராமல் கூரியரில் அனுப்பிவிட்டார். கெடுவுக்கு எட்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது.

இனி மாநிலம்

அவசரம் முடிந்த பிறகு மாநிலத்தின் வெப்சைட்டுக்கு வருவோம். அட்ரஸ் பாரில் டைப் செய்ய வேண்டியது: சி, எல், ஏ, ஐ, எம், ஐ, டி, புள்ளி, சி, ஏ, புள்ளி, ஜி, ஓ, வி. கடைசிப் பெயரையும் முதல் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டுத் தேட வேண்டும். பி.டி.எப். போல நடுத்துண்டைத் தேடும் வித்தையை இங்கே நம்ப வேண்டாம். பேப்பரில் எழுதி வைத்த எழுத்து முறைகளை ஒவ்வொன்றாக முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

கவுண்டியைவிட இங்கேதான் நம்மவர்கள் பெயர் அதிகம் வர வாய்ப்பு. வங்கிக் கணக்கில் விட்டுவந்த மிச்சம், கடைசி மாதச் சம்பளத்தில் திருத்தம் செய்து அனுப்பிய செக், இன்சூரன்ஸ் ரீபண்ட், வாடகை அட்வான்ஸ் மிச்சம் எல்லாம் வந்து சேருமிடம் இது. என் பெயரில் 143 டாலர் இருந்தது. வாடகை வீட்டு அட்வான்சில் பிடித்தம் போக மிச்சம்.

கிடைத்த வரியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பத்தைத் தொடங்கலாம். சிறிய தொகை, உரிமையாளர் ஒருவரே என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடும். மற்றவற்றுக்குப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இங்கிருந்து செய்பவர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போகலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர் கட்டணம். இறந்தவர் பெயரில் உள்ள பணம் என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசு என்பதற்கான ஆவணங்களும் சேர வேண்டும். முடிவு சொல்ல மாநிலத்துக்குச் சட்டப்படி 180 நாள் அவகாசம் உண்டு. அதனால் பத்தாவது நாளே பதறாதீர்கள்.

ஷேர் விஷயத்தில் மட்டும் மாநிலத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. கம்பெனி கொடுத்த ஷேர்களை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் என் நண்பர்களிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு நடமாட்டம் இல்லையென்றால் ஷேரும் மாநிலத்துக்குப் போகும். மாநிலம் அதைச் சில காலம் வைத்திருந்துவிட்டு விற்றுவிடும். பிறகு நீங்கள் கேட்டால் விற்ற பணம்தான் கிடைக்கும். ஷேர் அதற்குப் பின் இரண்டு மடங்கு ஏறியிருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை புரோக்கர் கணக்கில் லாக்-இன் செய்து, விலாசம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன் மாநிலம் கடிதம் அனுப்பத்தானே செய்யும் என்று கேட்கலாம். இப்போது அனுப்புகிறது. 2007-ல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, உரிமையாளருக்கு ஒழுங்காகத் தகவல் சொல்லும் ஏற்பாடு வரும்வரை மாநிலம் புதிதாகப் பணத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தடை போட்டது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்தக் கடிதமும் பழைய விலாசத்துக்குத்தானே போகும்?

யாராவது உதவுகிறேன் என்று வந்தால்

இந்தப் பட்டியல்கள் பொதுவில் இருப்பவை. நீங்கள் பார்ப்பது போல மற்றவர்களும் பார்க்கிறார்கள். "உங்களுக்கு டாலர் இருக்கிறது, நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று கடிதமோ ஈமெயிலோ வரலாம். இதில் சட்டப்படி தொழில் செய்பவர்களும் உண்டு. மாநிலத்திடம் இருக்கும் பணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க அவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் மாநிலமோ, ஒரு பைசா கேட்பதில்லை. பத்து நிமிட வேலைக்கு எதற்குப் பத்து சதவீதம்?

முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. ஈமெயிலில் வந்த லிங்க்கைக் கிளிக் செய்து அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ பாஸ்போர்ட் நகலையோ கொடுக்காதீர்கள். ஈமெயிலை மூடிவிட்டு, அட்ரஸ் பாரில் நீங்களே முகவரியை டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையிலேயே பணம் இருந்தால் அங்கே தெரியும். மாநிலமும் விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கேட்கும், அங்கே கொடுக்கலாம். யார் கேட்கிறார்கள் என்பதில்தான் கவனம்.

பணம் டாலர் செக்காக வரும்போது அமெரிக்காவில் இன்னும் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குச் சுலபம். இல்லாதவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் வங்கிக் கிளையில் டாலர் செக்கை வாங்குவார்களா, கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது டாலர் செக்குக்கு அவ்வளவு அலைச்சல் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அண்ணனுக்குச் செக் ஜூன் மாதக் கடைசியில் சிங்கப்பூர் விலாசத்துக்கு வந்தது. பெரியப்பா இப்போது சீட்டு விளையாடுவதைக் குறைத்துவிட்டார். தெருவில் யார் வீட்டுப் பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருந்தார்கள் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், எந்த நடுத்துண்டைத் தேட வேண்டும் என்று பென்சிலில் குறிப்பு. சென்ற வாரம் போன் செய்து, "தம்பி, இந்த கிருஷ்ணமூர்த்திக்கு எந்த எழுத்தைப் போடணும்? ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுதானுவ" என்று கேட்டார். எம், யு என்று ஒரு தடவை, எம், ஓ, ஓ என்று ஒரு தடவை தேடச் சொல்லியிருக்கிறேன்.